உலு திராமில் மாற்றிய ஐம்பது காசு

கண்டக்டர் கை சும்மா இருக்காது என்று என் மனைவி வசந்தா கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள். அதை நிரூபிக்க நான் மலேசியா வரைக்கும் போக வேண்டியிருந்தது.

திண்டுக்கல்லில் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோல் பையில் விழும் சில்லறையில் வளைந்தது, தேய்ந்தது, ஓரம் கடிபட்டது, அச்சு மங்கியது என்று ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். உடனே அதே மதிப்புக்கு என் சொந்தக் காசைத் தோல் பைக்குள் போட்டுவிடுவேன். டிப்போவில் கணக்கு ஒப்படைக்கும்போது உதைக்கக் கூடாதல்லவா? விலை கொடுத்து ஒரு காசுகூட வாங்கியதில்லை. சில்லறையில் தானாக வர வேண்டும், ஒன்றுக்கு ஒன்று மாற்ற வேண்டும். இதுதான் என் சட்டம். இப்படிச் சேர்ந்தவை வீட்டில் ஊறுகாய் ஜாடிகளில் இருக்கின்றன. நல்ல காசை வெளியே விட்டுவிட்டு நொண்டிக் காசை வீட்டுக்குள் சேர்க்கிற ஒரே மனுஷன் என்று வசந்தா என்னை உறவினர்களுக்கு அறிமுகம் செய்வாள்.

எங்கள் மகள் கயல்விழி சிங்கப்பூரில் நர்ஸ். அவளுக்குப் பிடித்துப்போன பையன் தினேஷ், ஜொகூரில் உலு திராம் என்ற ஊரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். தாயில்லாப் பிள்ளை. அப்பாவின் அக்கா சரோஜாதான் எடுத்து வளர்த்தவர். அத்தை முகம் சுளித்தால் தினேஷ் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான் என்று கயல் போனில் எச்சரித்தாள். கடைசியாக, "அப்பா, ஒரே ஒரு விஷயம். அங்க வந்து காசு பொறுக்கிட்டு இருக்காதீங்க" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

முதல் நாள் விமான நிலையத்திலிருந்து எங்களை அழைத்துப் போக வந்தவர் தினேஷின் அப்பா லெட்சுமணன். தொழிற்சாலை ஒன்றில் லாரி ஓட்டுபவர். பார்த்ததும் "பசியாறிட்டீங்களா?" என்றார். காலை உணவுக்கு அங்கே அதுதான் பேச்சு. நாம் டிபன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம், அவர்கள் எவ்வளவு அழகாகப் பசியை ஆற்றுகிறார்கள் என்று வசந்தாவிடம் வியந்தேன். வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் சாப்பிட்டோம். பரோட்டாவின் பெரியப்பா பிள்ளை. எங்கள் ஊர் பரோட்டா அளவுக்கு முறுக்கிக்கொள்ளாமல் சாதுவாக இருந்தது.

அங்கே ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள சில்லறை காசு. பத்து வெள்ளி ஐம்பது காசு என்று கேட்கவே காதுக்கு இதமாக இருந்தது. பில்லை நான் கொடுத்தால் சில்லறை வருமே என்று எழுந்தேன். அதற்குள் லெட்சுமணன் செல்போனைக் காட்டிக் கட்டிவிட்டார். இந்தக் கொள்ளைநோய் எங்கள் ஊரிலும் பரவியாயிற்று. திண்டுக்கல்லில் பூக்காரம்மாவே கூடையில் ஸ்கேன் அட்டை செருகி வைத்திருக்கிறார்.

சில்லறை நடமாட்டம் மிச்சமிருந்தது கழிப்பறை வாசலில் மட்டும்தான். ஒரு மேசை, ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு பாட்டையா. ஒரு வெள்ளி நோட்டைக் கொடுத்தால் கைநிறையக் காசு திரும்ப வரும். சத்தியம் காசு பொறுக்குவதைப் பற்றித்தானே, கழிப்பறைக்குப் போவதைப் பற்றி இல்லையே? உலு திராம் போய்ச் சேருவதற்குள் நிறுத்திய இடத்திலெல்லாம் இறங்கினேன். லெட்சுமணன் வசந்தாவைத் தனியே அழைத்து, சம்பந்திக்கு இனிப்பு நீரா என்று கவலையாகக் கேட்டிருக்கிறார். சர்க்கரை வியாதிக்கு அங்கே அப்படிப் பெயர். என் மானத்தைக் காப்பாற்ற அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் வரை எனக்குச் சர்க்கரை போட்ட டீ கிடைக்கவில்லை.

மறுநாள் காலை லெட்சுமணன் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள ஏற்பாடு. முறைப்படி பெண் வீட்டில் நடக்க வேண்டியது. அத்தனை பேரும் திண்டுக்கல் வந்து போக ஆகும் செலவை நினைத்து இரு தரப்பும் பெருந்தன்மையாக முறையைத் தளர்த்திக்கொண்டோம். சரோஜா அம்மாள் முந்தின இரவே சாஆவிலிருந்து வந்துவிட்டார். அது வடக்கே செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஊர். பெரிய சரீரம், பெரிய பொட்டு, பார்வை ஒவ்வொன்றையும் எடை போட்டுத்தான் கீழே வைக்கும். தட்டில் சேலையை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும், தட்டை எந்தக் கையால் வாங்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் எங்களைக் கேட்டார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் முன்னால் ஒரு முறை தவறிவிடக் கூடாது என்று அவருக்குப் பெரிய பயம். எங்களுக்கோ பாதி முறை அன்றைக்குத்தான் தெரியும்.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டார், உறவினர் என்று இடம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுத் தட்டு என் முன்னால் வந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, ஆரஞ்சுப் பழம். வெற்றிலை மேல் ஒரு ஐம்பது காசு.

அந்தக் காசைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றது. நடுவில் இருக்க வேண்டிய செம்பருத்திப் பூ ஓரமாகச் சரிந்து, பாதி இதழ் காசுக்கு வெளியே போயிருந்தது. எதிர்ப்பக்கம் பிறை வடிவில் வெறும் உலோகம், மழமழவென்று. அச்சடிக்கும் நேரத்தில் காசு நகர்ந்துவிட்டால்தான் இப்படி வரும். எத்தனை வருடத் தோல் பை, எத்தனை ஆயிரம் பயணிகள், இப்படி ஒன்று என் கையில் விழுந்ததே இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்ததாகச் சொல்வது சரியில்லை. என் கை செய்தது. காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டது, கழிப்பறை வாசலில் சம்பாதித்த ஐம்பது காசு ஒன்றை வெற்றிலை மேல் வைத்தது. கணக்கு சரி.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த சரோஜா அம்மாள் மெதுவாகக் கேட்டார்:

"சம்பந்தி, தட்டு கை மாறதுக்கு முன்ன காச எடுத்துட்டீங்களே. சம்பந்தம் வேணாங்கிறீங்களா?"

நான் செய்து கொடுத்த சத்தியத்தைக் கயல் கண்ணாலேயே நினைவூட்டினாள். தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். என் மகளின் கல்யாணம் என் சட்டைப் பைக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

வசந்தாதான் பேசினாள்.

"எங்க பக்கத்து முறைங்க இது. மாப்பிள்ளை வீட்டுத் தட்டுல அடிபட்ட காசு ஒண்ணு இருக்கும். அதைப் பொண்ணோட அப்பா எடுத்துக்கிட்டு நல்ல காசு வைக்கணும். உங்க வீட்டுக் கஷ்டத்துல எங்களுக்கும் பங்கு உண்டு, எங்க வீட்டு நல்லதுல உங்களுக்கும் பங்கு உண்டுன்னு அர்த்தம்."

நான் பிறந்து வளர்ந்த ஊரில் இப்படி ஒரு முறை இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சரோஜா அம்மாள் முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு நிம்மதி, கடைசியில் பெருமை. தனக்கு மனதில் ஏதோ பட்டதாகவும் அதனால்தான் அந்தக் காசைத் தேடி வைத்ததாகவும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டு கை மாறியது. பாயசம் வந்தது, எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.

மூன்றாம் நாள் லெட்சுமணன் எங்களை மூவாருக்கு அழைத்துப் போனார். அதற்கு மறுநாள் சாஆவில் சரோஜா அம்மாளின் மகள் பிரியாவுக்குப் பரிசம். மாப்பிள்ளை மூவார்க்காரர். அவருடைய பெரியப்பா சாமிநாதன் அங்கே மேசை நாற்காலிப் பட்டறை வைத்திருக்கிறார், அவரிடம் பிரியாவுக்காகச் சொல்லி வைத்திருந்த நிலைக்கண்ணாடி மேசையை வாங்கி வர வேண்டும். கயல் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

வழியில் டோல் சாவடியில் லெட்சுமணனின் அட்டையில் பணம் தீர்ந்து, கட்டை மேலே போக மறுத்தது. என் இரண்டு பை நிறையச் சில்லறை. அந்தச் சாவடியில் காசு வாங்க ஆளே இல்லை. பின்னால் வண்டிகள் வரிசை கட்டின. எங்கள் ஊராக இருந்தால் ஹார்னிலேயே கட்டை பறந்திருக்கும். இங்கே ஒரு மலாய்க்காரர் இறங்கி வந்து, தன் அட்டையைத் தட்டி எங்களை அனுப்பிவிட்டார். பணத்தைக் கொடுத்தால் வாங்கவில்லை. அவர் சொன்னதை லெட்சுமணன் மொழிபெயர்த்தார்: "உங்களுக்கு ஒண்ணும் உதவி செய்யல. எனக்கு அவசரமா போகணும்."

அந்த மனிதரின் நேர்மை லெட்சுமணனை ஏதோ செய்திருக்க வேண்டும். மூவார் ஆற்றோரம் சாத்தே சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஐம்பது காசு அக்கா தேடி வைத்தது இல்லையாம். சாஆவில் மழை நாளில் துணி துவைக்கப் போகும் டோபிக் கடையில், காசு போட்டால் ஓடும் மெஷின் அதைப் போட்டபோதெல்லாம் வெளியே துப்பிவிட்டதாம். எங்கேயும் செல்லாததைத் தட்டில் வைத்தால் யாருக்குத் தெரியும் என்று வைத்துவிட்டாராம். "எங்க தப்பு, உங்க முறையா போயிருச்சு. சாமியே காப்பாத்துச்சு" என்றார். நான் சாத்தே குச்சியைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். காலையிலேயே கரி அடுப்பில் வாட்டிய கோழிக்கறியும் வேர்க்கடலைக் குழம்பும். காலை வேளையில் பிரியாணிக் கடையைத் தேடிப் போகிற திண்டுக்கல்காரனுக்குச் சொர்க்கம்தான். ஆனால் அன்று நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

காரணம், லெட்சுமணனின் போன் ஓயவே இல்லை. சரோஜா அம்மாள் அந்த முறையைக் குரல் பதிவாகக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். குளுவாங்கிலிருந்து ஒருவர் ஓட்டைக் காசு ஆகுமா என்று கேட்டார். ஒருவர் துரு பிடித்தது போதுமா என்றார். வசந்தா ஓட்டை ஆகாது, குடும்பத்தில் காசு தங்காது என்று பதில் சொன்னாள். வளைந்தது உத்தமம், துரு மத்திமம். எனக்குப் பயமாக இருந்தது. போதாக்குறைக்குக் கயல் போன் செய்து, நிஜமாகவே நம் ஊரில் இப்படி ஒரு சடங்கு உண்டா என்றாள். அம்மாவிடம் கேள் என்று போனைக் கொடுத்துவிட்டேன்.

சாமிநாதன் பட்டறையில் வேறு கதை. ஒல்லியான மனிதர், புருவத்திலெல்லாம் மரத்தூள். செய்தி அவருக்கும் வந்திருந்தது, பிடிக்கவில்லை. "உளுத்துப்போன பலகைய நான் பட்டறைக்குள்ளயே விடமாட்டேன் லா. எங்க வீட்டுத் தட்டுல அடிபட்ட காச வைப்பனா?" என்றார். நியாயமான கேள்வி. லெட்சுமணன் என்னைப் பார்த்தார். நான் நிலைக்கண்ணாடியைப் பார்த்தேன்.

நான்காம் நாள் சாஆவில் கோயில் மண்டபம். மூவார்க்காரர்கள் தட்டுகளை ஏந்தி வந்து இறக்கினார்கள். வெற்றிலை மேல் புத்தம் புதிய ஐம்பது காசு, சாமிநாதன் துணியால் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தார். சரோஜா அம்மாள் எட்டிப் பார்த்தார். இது ஆகாது என்றார். இந்தியாவிலிருந்து வந்த சம்பந்தி முன்னாலேயே முறை தவறினால், நாளைக்குத் தினேஷ் கல்யாணத்தை எந்த முகத்தோடு நடத்துவது என்று கேட்டார். சாமிநாதன் எழுந்து, தட்டுகளைத் தூக்குங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார். மணையில் உட்கார்ந்திருந்த பிரியா அழத் தொடங்கினாள். நாதஸ்வரக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று வாத்தியத்தை உறையில் போட்டுக் கட்டினார்.

எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முறையுமில்லை, மண்ணுமில்லை, நான் ஒரு காசு பொறுக்கி, என் மனைவி என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள். சொன்னால் பிரியாவின் பரிசம் நடந்துவிடும். கயலின் கல்யாணம் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் அழுதுகொண்டே இருப்பாள். வாயைத் திறந்தேன். அதற்குள் சரோஜா அம்மாள் மண்டபமே கேட்கும்படி அந்த முறையின் அர்த்தத்தைச் சொல்லத் தொடங்கினார். வசந்தா சொன்ன அதே வார்த்தைகள், கஷ்டத்தில் பங்கு, நல்லதில் பங்கு.

அதுவரை பேசாமல் இருந்த மாப்பிள்ளையின் அம்மா தலை நிமிர்ந்தார். கணவர் போன பிறகு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துப் பிள்ளையை ஆளாக்கியவர் என்று லெட்சுமணன் வழியில் சொல்லியிருந்தார்.

"அத்தான், அவங்க சொல்றாப்ல வைங்க" என்றார் சாமிநாதனிடம். "எங்க கஷ்டத்துல பங்கு வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

சாமிநாதன் உட்கார்ந்துவிட்டார். தட்டுகளை இறக்கி வைக்கும்படி தன் ஆட்களுக்குக் கை காட்டினார். என் வாயும் மூடிக்கொண்டது.

இனி அடிபட்ட காசுக்கு எங்கே போவது? மண்டபமே பையைத் துழாவியது. எல்லார் பையிலும் செல்போன்தான் இருந்தது. யாரோ வளைந்த காசு ஒன்றைக் கொண்டுவந்தார்கள், பார்த்தால் சிங்கப்பூர்க் காசு. அதற்கு மதிப்பு அதிகம், வைக்கலாம் என்று பெண் வீட்டார் சொல்ல, வெளிநாட்டுக் கஷ்டமெல்லாம் எங்களுக்கு இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் மறுத்தார்கள். அப்போதுதான் சரோஜா அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, அன்னைக்கு எடுத்தீங்களே, அந்தக் காசு உங்க கையில இருக்குல்ல?"

இருந்தது. பஞ்சில் சுற்றி, பர்ஸின் உள்ளறையில் இருந்தது. உலு திராமில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். வசந்தா ஜாடைகூடக் காட்டவில்லை. எடுத்துக் கொடுத்தேன். மனது அடித்துக்கொண்டது, பொய் சொல்வானேன்.

சாமிநாதன் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இதில் என்ன அடி, புதுக் காசு மாதிரி மின்னுகிறதே, பூ கொஞ்சம் ஓரமாக இருக்கிறது, அவ்வளவுதானே என்றார். ஒரு வேலையை ஒப்புக்கொண்டுவிட்டால் அரைகுறையாகச் செய்கிற ஆள் அவர் இல்லை. வேனுக்குப் போய்ச் சுத்தியலோடு திரும்பி வந்தார். தேங்காய் உடைக்கும் கல்லின் மேல் காசை வைத்தார். முறை தெரிந்தவர் கையால்தான் அடிக்க வேண்டும் என்று சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

முதல் அடி காசுக்கு வலிக்காமல் அடித்தேன். போதாது என்றார்கள். இரண்டாவதில் பிறை நசுங்கியது. மூன்றாவதில் பூ போயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். நாதஸ்வரக்காரர் உறையைப் பிரித்தார். சரோஜா அம்மாளின் கணவர் அந்த நசுங்கிய காசைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் முடிந்துகொண்டு நல்ல காசு வைத்தபோது, மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. காசுக்காகவா அந்த அம்மாளுக்காகவா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

சாப்பாட்டுப் பந்தியில் சரோஜா அம்மாள் தை மாதமே கயல் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். அதற்குள் குடும்பத்துக்கு ஒன்றாகக் காசு அடித்துவைக்கச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். என் இலையில் பாயசம் விழவில்லை. நான் கேட்கவுமில்லை.

ஐந்தாம் நாள் சிங்கப்பூர் போகும் பேருந்திலிருந்து இறங்கி, எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் வரிசையில் நின்றோம். முன்னாலும் பின்னாலும் வேலைக்குப் போகிற கூட்டம். வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த இக்கட்டில் அப்படி ஒரு பொய் எப்படித்தான் உனக்கு வாயில் வந்தது என்று வசந்தாவிடம் கேட்டேன். பாராட்டாகத்தான் கேட்டேன்.

"பொய் இல்லைங்க" என்றாள். "நம்ம நிச்சயத்துல உங்க அப்பா தட்டுல வச்சது தேய்ஞ்சு மொழுக்குன்னு இருந்த காசு. உங்க வீட்ல அன்னிக்கு அதுதான் இருந்துச்சு போல. எங்க அப்பா யாரும் பார்க்காம அதை எடுத்துக்கிட்டு வேற காசு வச்சாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு பார்த்தேன். அர்த்தம் மட்டும்தான் நான் சொன்னது."

மாமனார் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒரு நாளும் அதை வாய்விட்டுச் சொன்னவரில்லை. இவளும் இத்தனை காலம் சொன்னதில்லை. அது எந்த வருடத்துக் காசு, இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவள் தோளில் கிடந்த பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். வரிசை கொஞ்சம் நகர்ந்தது.